உருக்காலைக் கசட்டைக் கான்கிரீட் ஜல்லியாக்குவது: புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உருக்காலையில் கழிக்கப்படும் கசட்டை உடைத்துச் சலித்து, கருங்கல் ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் சேர்க்கலாம் என்று கேள்விப்பட்டு, அதைத் தம் தொழிலில் முயன்றுபார்க்க நினைக்கும் தரைக்கல் வார்ப்போர், சிறு ஒப்பந்ததாரர்கள், ரெடிமிக்ஸ் நிலையம் நடத்துவோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது, எந்தச் சோதனையை எதற்கு முன் செய்வது, பணம் எந்த இடத்தில் கரைகிறது என்பவற்றை அவற்றில் தேடினால் கிடைக்காது. அவற்றைத் துண்டு துண்டாகச் சேகரித்து, அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடையாய் நடந்து, ஒருவழியாக வரிசைப்படுத்திக்கொண்டவன் என்ற முறையில் அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உறுதியிலும் தேய்மானத் தாங்குதிறனிலும் உருக்குக் கசடு நல்ல கருங்கல்லுக்குச் சளைத்ததன்று. பல சமயம் அதை விஞ்சும். சிக்கல் முழுவதும் அதற்குள் தங்கியிருக்கும் நீறாத சுண்ணாம்பிலும் மெக்னீசியம் ஆக்சைடிலும்தான் இருக்கிறது. சுண்ணாம்பு தண்ணீர் பட்டு நீறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மெக்னீசியம் ஆக்சைடு இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிறது, அதுவும் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் மெதுவாகப் பெருக்கிறது. இறுகிய கான்கிரீட்டுக்குள் இது நடந்தால் மேற்பரப்பிலிருந்து கூம்பு வடிவில் சில்லுகள் தெறிக்கும். மோசமான நிலையில் வார்ப்பே வெடிக்கும். ஆகவே இந்தக் கல்லை வாங்குபவர் கல்லைவிட அது கிடந்த குவியலின் வரலாற்றைத்தான் பார்த்து வாங்கவேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த வரலாற்றை எழுத்தில் பெறுவதற்கானவையே.

1. எந்த உலையின் கசடு என்பதை எழுத்தில் பெறுங்கள்

ஒரே ஆலை வளாகத்திலிருந்து பல வகைக் கசடு வெளிவரலாம்; லாரியில் ஏற்றிய பின் அவற்றைக் கண்ணால் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊது உலையின் கசடு வேறு. அதில் நீறாத சுண்ணாம்புச் சிக்கல் இல்லை, அதற்கான விதிமுறைகளும் வேறு. இந்த வழிகாட்டி அதைப் பற்றியதன்று.

உருக்கு தயாரிக்கும்போது வரும் கசட்டில் மூன்று வகைகளை நீங்கள் பிரித்துக் கேட்கவேண்டும். முதலாவது, ஆக்சிஜன் ஊதும் கன்வெர்ட்டரின் கசடு. ஒரு டன் உருக்குக்கு ஏறத்தாழ 100 முதல் 150 கிலோ வரை இது வெளியாகிறது. சுண்ணாம்பைக் கொட்டி மிகக் குறுகிய நேரத்தில் முடிக்கும் வேலை என்பதால், கரையாத சுண்ணாம்பு இதில் கணிசமாக மீந்துநிற்கும். இரண்டாவது, பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையின் கசடு. இதில் இரும்பு ஆக்சைடு அதிகம், நீறாத சுண்ணாம்பு பொதுவாகக் குறைவு. கான்கிரீட்டுக்கு இதுவே முதல் தேர்வு. மூன்றாவது, லேடிலின் கசடு; உலையிலிருந்து வந்த உருக்கைச் சுத்திகரிக்கும் கலன்தான் லேடில். ஆறும்போதே இதிலுள்ள டைகால்சியம் சிலிக்கேட் படிக வடிவம் மாறி, கன அளவு சுமார் 10 சதவீதம் கூடி, தானாகவே பொடியாக உதிர்ந்துவிடும். இதை ஜல்லியாக யார் விற்றாலும் வாங்காதீர்கள். துருப்பிடிக்காத உருக்கு தயாரிக்கும் ஆலையின் கசட்டையும் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள குரோமியம் தரும் தலைவலி தொடக்கநிலையினருக்குத் தேவையற்றது.

பொறி எங்கே இருக்கிறதென்றால், உலைக் கசடும் லேடில் கசடும் ஒரே குழியில் கொட்டப்படுவதில்தான். 'மின்வில் உலைக் கசடு' என்று சான்றிதழ் சொல்லும்; அது பொய்யாகவும் இராது; ஆனால் பத்து லாரிக்கு ஒரு லாரி லேடில் கசடு அதே குவியலில் கலந்திருக்கும். ஜப்பானின் ஜேஐஎஸ் ஏ 5011 தரநிலையின் 4ஆம் பகுதி, மின்வில் உலையின் ஆக்சிஜனேற்றக் கட்டத்துக் கசட்டை மட்டுமே கான்கிரீட் ஜல்லியாக ஏற்று, ஒடுக்கக் கட்டத்துக் கசட்டை, அதாவது பிந்திய சுத்திகரிப்பில் வரும் லேடில் கசடு போன்றதை, விலக்கிவைப்பது இந்தக் காரணத்தால்தான். எனவே உலை வகை, தயாரிக்கப்படும் உருக்கின் வகை, லேடில் கசடு தனியாகக் கொட்டப்படுகிறது என்ற உறுதிமொழி, உலையின் உள்பூச்சுச் செங்கற்களை உடைத்தெடுக்கும்போது அவை கசட்டோடு சேராமல் பிரிக்கப்படுகின்றன என்ற உறுதிமொழி ஆகிய நான்கும் ஒரே தாளில், கையொப்பத்தோடு வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. அந்தச் செங்கற்கள் பெரும்பாலும் மெக்னீசியம் ஆக்சைடால் ஆனவை. குவியலில் விழுந்த ஒரு செங்கல் துண்டே சில ஆண்டுகள் கழித்துத் தரையில் ஒரு குழியாக எட்டிப்பார்க்கும்.

2. எதில் போடப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள்

இதை முடிவுசெய்யாமல் ஆய்வகத்துக்குப் போனால், தேவையற்ற சோதனைகளுக்குப் பணம் கட்டி, தேவையானதை விட்டுவிடுவீர்கள். தரநிலைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. வேறுபாடு சிறியதும் அன்று. இந்தியாவின் ஐஎஸ் 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கம்பி இல்லாத கான்கிரீட்டில் உருக்குக் கசட்டு ஜல்லியை 25 சதவீதம் வரை சேர்க்கலாம். எம் 15 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் 100 சதவீதம் வரை சேர்க்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் அனுமதியே இல்லை. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி 33, கான்கிரீட்டுக்கான பருஜல்லி வகைகளில் காற்றில் ஆறிய ஊது உலைக் கசட்டைச் சேர்த்திருக்கிறதே தவிர, உருக்குக் கசட்டைச் சேர்க்கவில்லை. 'கசடு அனுமதிக்கப்பட்டது' என்று விற்பனையாளர் ஒரு தரநிலையின் பக்கத்தை நீட்டினால், அது எந்தக் கசட்டைச் சொல்கிறது என்பதை அந்தப் பக்கத்திலேயே விரல் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிச் செய்யப்படும் விற்பனை சர்வசாதாரணம்.

முதல் முயற்சிக்கு ஏற்றவை நடைபாதைத் தரைக்கல், சாலையோர விளிம்புக்கல், அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட், எதிர் எடைக் கட்டைகள், அலைதடுப்புக் கட்டைகள் போன்றவை. கடைசி இரண்டில் கசட்டின் எடையே ஆதாயம். வீட்டுத் தூண், உத்தரம், முன்னழுத்தக் கான்கிரீட், தண்ணீர்த் தொட்டி, பூச்சின்றி வெளியே தெரியும் சுவர் ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். ஆய்வுத் துறையினர் கம்பி கட்டிய அடித்தளங்களிலும் இதைப் போட்டு வெற்றி கண்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களிடம் வாரந்தோறும் அளந்து பார்க்க ஆளும் கருவியும் இருந்தன.

3. அனுமதிக் காகிதங்களை ஜல்லிக்கு முன்பே தொடங்குங்கள்

கல்லைப் பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி: சட்டத்தின் கண்ணில் இந்தப் பொருள் கழிவா, துணைப்பொருளா? கழிவு என்றால் ஏற்றிச்செல்லவும், இருப்பு வைக்கவும், பயன்படுத்தவும் தனித்தனி அனுமதி தேவைப்படும். துணைப்பொருள் என்றால் வழக்கமான கட்டுமானப் பொருளுக்கான காகிதங்கள் போதும். இதை ஆலையின் விற்பனைப் பிரிவு வாய்ச்சொல்லாக உறுதிசொல்வதில் பயனில்லை. சுற்றுச்சூழல் அதிகாரம் வழங்கிய ஆணையின் நகல் வேண்டும். அந்த ஆணையில் 'சாலை அடித்தளத்துக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், கான்கிரீட்டுக்கு அது செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், வேதிப்பொருள்களைப் பதிவுசெய்யக் கோரும் ரீச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட பொருளாகவே கசடு விற்கப்படுவது உண்டு. அங்கே பதிவு எண்ணோடு கூடிய ஆவணத்தைக் கேட்கலாம்.

அடுத்து, கசிவுச் சோதனை அறிக்கை. கசட்டிலிருந்து தண்ணீரில் குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கரைந்து வெளியேறுகின்றன என்பதை இது காட்டும். ஐரோப்பிய முறையான இஎன் 12457இன் இரண்டாம் பகுதியில், 4 மில்லிமீட்டருக்குக் கீழ் உடைத்த மாதிரியைப் பத்து மடங்கு தண்ணீரில் 24 மணி நேரம் குலுக்குகிறார்கள். அமெரிக்காவின் டிசிஎல்பி முறை, குப்பைக்கிடங்கின் அமிலச் சூழலைப் போலச் செய்து பார்ப்பது. இரண்டும் தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. உங்கள் அதிகாரம் எந்த முறையை ஏற்கிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே சோதனைக்குப் பணம் கட்டுங்கள்.

மின்வில் உலை என்றால் கதிரியக்கப் பதிவேட்டையும் கேளுங்கள். பழைய இரும்போடு கதிரியக்க மூலம் ஏதேனும் தவறி உருகினால், சீசியம் தூசியில் போய்ச் சேரும், கோபால்ட் உருக்கிலேயே தங்கும், ரேடியமும் அமெரிசியமும் கசட்டுக்கு வந்துவிடும். ஆலை வாசலில் கண்டறிகருவி இருக்கிறதா, அதன் பதிவுகள் காட்டப்படுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல ஆலைகள் இதைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டுகின்றன. தயங்குகிறவர்களைப் பற்றி அதுவே ஒரு தகவல்.

உங்கள் இருப்பிடத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கசட்டுக் குவியலில் விழுந்து வடியும் மழைநீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. பிஎச் 11ஐத் தாண்டும். ஆகவே தளமிட்ட தரையும், வடிநீரைத் திருப்பிச் சேகரிக்கும் வாய்க்காலும் இல்லாமல் இருப்பு வைக்கத் தொடங்காதீர்கள். அனுமதி ஆய்வாளர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

4. குவியல் எப்படி ஆறியது என்று விசாரியுங்கள்

கசட்டைத் திறந்தவெளியில் குவித்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிப்போட்டு, உள்ளேயிருக்கும் சுண்ணாம்பை முன்கூட்டியே நீறவிடுவதுதான் ஆறவைத்தல். மின்வில் உலைக் கசட்டுக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதம் வைக்கிறார்கள். கன்வெர்ட்டர் கசட்டுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். நீராவி செலுத்தினால் இந்த வேலை நாள் கணக்கில் முடியும். ஜப்பானிய ஆலைகளில் அது வழக்கமாகவே இருக்கிறது. ஆனால் மாதக் கணக்கை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியடையாதீர்கள். 'எட்டு மாதம் ஆறிய சரக்கு' என்பது, எட்டு மாதம் ஒருவரும் தொடாமல் கிடந்த மலை என்ற பொருளிலும் சொல்லப்படலாம். புரட்டாத குவியலின் மேல்புறத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். அதன் பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது, உள்ளிருக்கும் கல் முதல் நாள் இருந்த நிலையிலேயே இருக்கும்.

இதைவிட முக்கியமானது, உடைத்தது முன்பா ஆறவைத்தது முன்பா என்ற கேள்வி. பெரிய பாறைகளாக ஆறவைத்து, ஆர்டர் வந்த பின் ஜல்லியாக உடைத்துக் கொடுப்பது விற்பனையாளருக்கு வசதி. ஆனால் உடைக்கும்போது, இதுவரை தண்ணீரே காணாத சுண்ணாம்புப் பைகள் புதிய முகங்களில் வெளிப்படுகின்றன. இறுதி அளவுக்கு உடைத்து, காந்தத்தால் உலோகத் துண்டுகளை நீக்கி, சலித்த பிறகுதான் ஆறவைக்கும் நாட்கணக்கு தொடங்கவேண்டும். குவியல் எண், கொட்டிய நாள், உடைத்த நாள், புரட்டிய நாட்கள், தண்ணீர் தெளித்த விவரம் ஆகியவை கொண்ட பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இந்தப் பதிவேடு இல்லாத இடத்தில், சோதனை அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

களத்துக்கு நேரில் போகும்போது ஒரு சுத்தியலையும் எடுத்துச் செல்லுங்கள். குவியலின் உள்ளிருந்து எடுத்த சில கற்களை உடைத்து முகத்தைப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறம், நுண்துளைகள், ஆங்காங்கே துருப்புள்ளிகள் எல்லாம் இயல்பானவை. நடுவில் குண்டூசித் தலையளவிலோ மிளகளவிலோ வெண்ணிறத் திட்டு தெரிந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; மாவாக உதிர்ந்தால் அது ஏற்கெனவே நீறிய சுண்ணாம்பாக இருக்க வாய்ப்புண்டு, கெட்டியாக நின்றால் அது நீறாத சுண்ணாம்பா செங்கல் துண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்லவேண்டும். பினாப்தலீன் தெளித்து இளஞ்சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்ப்பது இங்கே உதவாது. நீறியது, நீறாதது இரண்டுமே அதே நிறத்தைத்தான் தரும். காந்தம் வைத்துப் பார்ப்பதும் அப்படியே. இரும்பு ஆக்சைடுகளுக்கே காந்த ஈர்ப்பு இருப்பதால், கல் காந்தத்தில் ஒட்டினாலே அதில் உலோக இரும்பு இருக்கிறது என்று கொள்ள முடியாது.

5. மாதிரியை நீங்களே எடுங்கள்

விற்பனையாளர் பையில் கட்டிக் கொடுக்கும் மாதிரி குவியலின் விளிம்பிலிருந்து, மழையில் நன்றாக நனைந்து ஆறிய பகுதியிலிருந்து வந்ததாக இருக்கும். பொக்லைனால் குவியலை வெட்டித் திறக்கச் சொல்லி, மேல், நடு, அடி என மூன்று உயரங்களிலும் பல இடங்களிலும் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியின் மாதிரியை மட்டும் கலக்காமல் தனியாக ஒரு பையில் வையுங்கள். விரிவுச் சோதனைக்கு அதையும் தனியே அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் கலந்துவிட்டால் கெட்ட பகுதி நல்ல பகுதிக்குள் மறைந்துபோகும். சராசரி எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தரையில் தெறிப்பது ஒரு தனிக் கல்தான். ஒவ்வொரு பையிலும் குவியல் எண்ணை எழுதி முத்திரையிட்டு, ஒரு பங்கை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆய்வகத்தில் எதைக் கேட்பது

சல்லடைப் பகுப்பு, ஒப்படர்த்தி, நீர் உறிஞ்சல், தேய்மானம் ஆகிய வழக்கமான சோதனைகளை எந்த ஆய்வகமும் செய்துகொடுக்கும். அவற்றில் பேசுவதற்கு அதிகம் இல்லை. ஒப்படர்த்தி 3.1 முதல் 3.8 வரை வரும், நீர் உறிஞ்சல் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கும். இவற்றிலிருந்து வெகுவாக விலகிய எண் வந்தால், அது வேறு வகைக் கசடோ என்று ஐயப்படுங்கள்.

வேதிப் பகுப்பாய்வு அறிக்கையில் கால்சியம் ஆக்சைடு 40 சதவீதம் என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது மொத்த அளவு. அதில் பெரும்பகுதி சிலிக்கேட்டுகளிலும் ஃபெரைட்டுகளிலும் பிணைந்து கிடப்பதால் நீறாது. உங்களுக்கு வேண்டியது நீறாத சுண்ணாம்பின் அளவு. அது தனிச் சோதனை, தனிக் கட்டணம். எத்திலீன் கிளைக்கால் முறையில் அளந்தால், நீறிய சுண்ணாம்பும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடும். நன்றாக ஆறிய கசடுகூட மோசமானதாகத் தோன்றும். எனவே அதோடு, மாதிரியைச் சூடாக்கி எடை குறைவதை அளக்கும் வெப்ப எடையிழப்புப் பகுப்பாய்வையும் கேட்டு, நீறிய பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஆய்வகங்கள் குறைவு. தேடிப்பிடிக்கவே சில வாரங்கள் ஆகலாம்.

மிக முக்கியமானது கன அளவு விரிவுச் சோதனை. ஐரோப்பாவின் இஎன் 1744இன் முதல் பகுதியில், இறுக்கிய மாதிரியின் ஊடாக நீராவி செலுத்தி விரிவை அளக்கிறார்கள். மெக்னீசியம் ஆக்சைடு 5 சதவீதம் வரை இருந்தால் 24 மணி நேரம், அதற்கு மேல் இருந்தால் 168 மணி நேரம் நீராவியில் வைக்கவேண்டும். இங்கே ஒரு பொறி: மெக்னீசியம் ஆக்சைடு அதிகமுள்ள கசட்டுக்கும் 24 மணி நேரச் சோதனையே செய்து, 'தேர்ச்சி' என்று எழுதிய அறிக்கைகள் சந்தையில் உலவுகின்றன. அறிக்கையில் கால அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முறையான ஏஎஸ்டிஎம் டி 4792இல், மாதிரியை 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குறைந்தது 7 நாட்கள் ஊறவைத்து விரிவை அளக்கிறார்கள். சாலை அடித்தளத்துக்கான ஏஎஸ்டிஎம் டி 2940 இந்த விரிவு 0.50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்த வரம்புக்குள் அடங்கிய கசடு சாலைக்குத் தகும் என்பதால் கான்கிரீட்டுக்கும் தகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டுப்படாத சாலை அடித்தளத்தில் கற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு, சிறு விரிவை அது விழுங்கிக்கொள்ளும். கான்கிரீட்டில் அந்த இடைவெளி கிடையாது.

இவற்றுக்கு மேலாக, தனித்தனிக் கற்களை உயரழுத்த நீராவிக் கலனில் வைத்து, எத்தனை கற்கள் வெடிக்கின்றன என்று எண்ணிப்பார்க்கும் ஒரு வடிகட்டல் சோதனையையும் பரிந்துரைக்கிறேன். ஒரு தட்டில் பரப்பிய கற்களில் எவை பிளந்தன, எந்தக் கல்லில் வெண்பொடி பிதுங்கியது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். சராசரி எண் சொல்லாத தகவல் அதுதான். மற்றச் சோதனைகளுக்கு இது மாற்றாகாது. ஆனால் செலவு குறைவு, ஒரே நாளில் முடிவு தெரியும் என்பதால், பிற சோதனைகளுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்தால் மோசமான குவியல்களை வாசலிலேயே திருப்பிவிடலாம்.

7. கலவைக் கணக்கை எடையில் போடாதீர்கள்

புதிதாக வருவோர் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 1000 கிலோ கருங்கல் ஜல்லி போடுகிறீர்கள், அதில் பாதியைக் கசடாக மாற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கருங்கல்லின் ஒப்படர்த்தி 2.65, கசட்டினுடையது 3.5. நீக்கும் 500 கிலோ கருங்கல் 0.189 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதே இடத்தை நிரப்ப 660 கிலோ கசடு வேண்டும். '500 கிலோவுக்கு 500 கிலோ' என்று மாற்றினால் 0.143 கன மீட்டர்தான் நிரம்பும். கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.046 கன மீட்டர் குறையும். அதாவது நூறு கன மீட்டர் என்று கணக்கெழுதி, தொண்ணூற்றைந்தரைக்கும் குறைவாக வார்த்திருப்பீர்கள். கூடவே சிமென்டுச் செலவும் கன மீட்டருக்குக் கூடியிருக்கும்.

சரியாகக் கன அளவில் மாற்றினாலும், கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 160 கிலோ கூடுகிறது. 150 மில்லிமீட்டர் தளத்தில் இது சதுர மீட்டருக்கு 24 கிலோ. தரையில் கிடக்கும் தளத்துக்கு இதனால் பாதிப்பில்லை. தாங்கிநிற்கும் எதற்கும் வடிவமைப்புப் பொறியாளர் மறுபடி கணக்கிட்டுக் கையொப்பமிடவேண்டும். அச்சுப் பலகைகளின் மீது விழும் அழுத்தமும் கூடும்.

தொடக்கத்தில் பருஜல்லியை மட்டும் மாற்றுங்கள். மணலுக்குப் பதிலாகக் கசட்டுத் தூளைப் போடுவது கலவையை முரடாக்கும், தண்ணீர்த் தேவையையும் கூட்டும். கசட்டுக் கற்களின் கூர்முனைகளும் சொரசொரப்பும் கலவையின் ஓட்டத்தைக் குறைப்பதால், நுண்பொருள் பங்கைச் சற்றே கூட்டி, நீர்குறைப்பியின் அளவைச் சோதனைக் கலவையில் சரிசெய்யுங்கள். ஜல்லியை முந்தைய நாளே நனைத்து, உள்ளே ஈரமும் வெளியே உலர்ந்த நிலையுமாகக் கொண்டுவாருங்கள். உலர்ந்த கசடு கலவை நீரை உறிஞ்சிவிடுவதால், லாரி தளத்துக்கு வருவதற்குள் ஓட்டம் செத்துவிடும்.

8. சோதனைக் கலவையும் அதன் காத்திருப்பும்

கசடு இல்லாத கலவை ஒன்று, உங்கள் இலக்கு அளவுள்ள கலவை ஒன்று, இலக்குக்கு மேலான கலவை ஒன்று என மூன்று போடுங்கள். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் கனசதுர மாதிரிகளின் வலிமை பெரும்பாலும் மகிழ்ச்சியே தரும். சொரசொரப்பான கல்லைச் சிமென்ட் நன்றாகப் பற்றிக்கொள்வதால், கசட்டுக் கலவை மற்றதை மிஞ்சுவதும் உண்டு. அந்த மகிழ்ச்சியில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். 28 நாள் வலிமை விரிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதே கலவையிலிருந்து பட்டை வடிவ மாதிரிகளை வார்த்து, வெந்நீரில் 90 நாட்கள் வரை ஊறவைத்து, நீள மாற்றத்தை அளந்துவாருங்கள். கசடு இல்லாத கலவையின் பட்டைகளையும் பக்கத்திலேயே ஊறவையுங்கள். இரண்டின் வேறுபாடுதான் உங்களுக்கு வேண்டிய எண். முடிந்தால் ஒரு சதுர மீட்டர் அளவில் சில தளங்களை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, மேற்பரப்பைப் பார்த்துவாருங்கள்.

அதிர்வூட்டும்போது நேரத்தைக் குறையுங்கள். எடைமிக்க கல் அடியில் தங்கி, மேலே வெறும் சாந்து மிதக்கும். மாதிரி ஒன்றை நெடுக்காக அறுத்து, கற்கள் மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவியுள்ளனவா என்று பார்ப்பது சிறிய செலவுதான், விட்டுவிடாதீர்கள்.

9. செலவைக் கன அளவுக்குக் கணக்கிடுங்கள்

கசடு டன் கணக்கில் விற்கப்படுகிறது. உங்களுக்குத் தேவை கன அளவு. மேலே சொன்ன ஒப்படர்த்திகளின்படி, உங்கள் களத்துக்கு வந்துசேர்ந்த கசட்டின் டன் விலை, கருங்கல் ஜல்லியின் டன் விலையில் சுமார் 76 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ஒரு பைசாவாவது மிஞ்சும். ஆலை வாசலில் இலவசமாகக் கொடுத்தாலும், தூரம் கூடக்கூட வாடகை அதை விழுங்கிவிடும். லாரி நிறைவதற்கு முன்பே எடை வரம்பு எட்டிவிடும் என்பதையும், 7 கன மீட்டர் கலவை வண்டி ஒரு டன்னுக்கு மேல் கூடுதலாகச் சுமக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். எடை வரம்பை மதித்தால் வண்டிக்கு அரை கன மீட்டர் அளவுக்குக் குறைத்து ஏற்றவேண்டியிருக்கும்.

சோதனைக் கட்டணங்களில் விரிவுச் சோதனை, கசிவுச் சோதனை, நீறாத சுண்ணாம்புச் சோதனை ஆகிய மூன்றும்தான் பெரியவை. இவை ஒருமுறைச் செலவு அல்ல. ஒவ்வொரு குவியலுக்கும் திரும்ப வரும். அவற்றை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். மாதத்துக்கு ஒரு சில லாரி மட்டுமே வாங்குபவருக்கு, வெளிப்படையாகச் சொன்னால், இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே குவியலை முழுவதுமாக எடுத்துக்கொண்டால் ஓரளவு கட்டுப்படியாகும்.

10. ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை, ஆகும் காலம்

ஒப்பந்தத்தில் 'கசட்டு ஜல்லி, இத்தனை டன்' என்று மட்டும் எழுதாதீர்கள். குவியல் எண் குறிப்பிடப்படவேண்டும். சோதனையில் தேறிய குவியலிலிருந்து மட்டுமே சரக்கு வரவேண்டும், அந்தக் குவியலில் புதிதாக எதுவும் கொட்டப்படக்கூடாது என்று எழுதப்படவேண்டும். ஒவ்வொரு லாரிச் சீட்டிலும் அதே குவியல் எண் இருக்கவேண்டும். இல்லாத லாரியை இறக்காமல் திருப்பி அனுப்பும் உரிமையும், மறுசோதனையில் தேறாத சரக்கை விற்பனையாளர் தம் செலவில் எடுத்துச்செல்லவேண்டும் என்ற விதியும் வேண்டும். உங்கள் வாடிக்கையாளருக்கும் கலவையில் கசடு இருப்பதை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். பின்னாளில் தரையில் ஒரு சில்லு தெறித்தால், சொல்லாமல் போட்டது என்பதே பெரிய குற்றமாகிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, பதிவேட்டோடு ஆறிய குவியல் ஏற்கெனவே கிடைக்குமானால், மாதிரி எடுப்பதிலிருந்து ஆய்வக அறிக்கைகள் கைக்கு வர ஒன்றிலிருந்து ஒன்றரை மாதமும், சோதனைக் கலவைக்கும் 90 நாள் ஊறலுக்கும் மூன்று மாதமும் ஒதுக்குங்கள். உலையிலிருந்து புதிதாக வந்த கசடு என்றால், உடைத்து ஆறவைக்கும் காலத்தையும் சேர்த்து ஓராண்டு என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. அனுமதி விண்ணப்பத்தை இவற்றுக்குப் பின் வைக்காமல், உலை வகைச் சான்று கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். ஆய்வகத்தில் மாதிரி ஊறும் நாட்களிலேயே அந்தக் கோப்பும் நகர்ந்துகொண்டிருக்கும்.

முதல் வார்ப்பு முடிந்ததும், எந்த இடத்தில் எந்தக் குவியலின் ஜல்லி போனது என்பதை வரைபடத்தில் குறித்து, நாளிட்ட ஒளிப்படங்களோடும் முத்திரையிட்ட மாதிரிப் பையோடும் சேர்த்து வையுங்கள். மெக்னீசியம் ஆக்சைடு தாமதமாக வேலைகாட்டும் என்பதால், அந்தப் பையைக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்குத் தூக்கிப் போடாதீர்கள்.